தாசில்தார் கழற்றிய மூடி

ஓய்வுபெற்ற தாசில்தார் சங்கரலிங்கம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து, மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"என்ஜின் வால்வு சத்தம் போடுது. நான் காபி குடிக்கிறதுக்குள்ள அந்த வால்வு இடைவெளியைச் சரி பண்ணு. இல்லாட்டி நாளையிலேருந்து வராதே" என்றார் வாசலில் நின்ற கார் டிரைவர் சுடலையாண்டியிடம்.

அலைந்து திரிந்து கிடைத்த வேலை. சுடலையாண்டி குனிந்து என்ஜினைப் பார்த்தான். "என்ஜின் ஆறினாத்தான் அளவு சரியா வரும்யா."

"எனக்கே பாடமா?"

"அப்போ ஐயாவே என்ஜின் மேல்மூடியைக் கழற்றிக் கொடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

வீறாப்பாகக் கை வைத்த தாசில்தார் வெடுக்கென்று கையை உதறினார். "காலையில பாரு" என்று முனகினார்.

மறுநாள் குளிர்ந்த என்ஜினில் சுடலையாண்டி இடுக்கை அளக்கும் மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளியைச் சரிசெய்தான். சத்தம் அடங்கியது.

"கை சுட்டது வீட்டுல அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் தாசில்தார் மெதுவாக.

வேலை நிலைத்த நிம்மதியில் சுடலையாண்டி ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டான்: "எந்தக் கைங்கய்யா?"