பிறந்ததிலிருந்து தெரிந்த சாட்சி

சிங்காரவடிவேலு விற்க வந்த அப்பா வீட்டைவிட அவர் தலைக்கனம் பெரிசு. "நான்தான் ஒரே வாரிசு!" என்றார்.

"அக்கா ஒருத்தங்க இருக்கிறதா..." என்று இழுத்தான், வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்த ஆட்டோக்காரன் சவரிமுத்து.

"உளறாதேடா! பத்திரத்துல கண்ட பயலும் சாட்சி போட்டா எனக்குக் கேவலம். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிஞ்ச ஆளாக் கூட்டிட்டு வா. இல்லேன்னா அட்வான்ஸ் அம்பேல்!"

"சரிங்க ஐயா."

பத்திரப் பதிவன்று சவரிமுத்து ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாளை இறக்கினான். சிங்காரவடிவேலுவுக்கு முகம் வெளிறிப்போனது.

"இவரைத் தெரியுமா?" என்று கேட்டார் சார்பதிவாளர்.

"தெரியாம? தொட்டில்ல போட்டு ஆட்டினவளே நான்தான். கூடப்பிறந்த அக்கா. என் பங்கு எங்கே?"

சவரிமுத்து கைகட்டிச் சொன்னான்: "ஐயா, இவங்களைவிடப் பழைய ஆள் வேணும்னா சுடுகாட்டுலதான் தேடணும்."