பதினான்காவது குரல்

காட்டோடைக் கரையில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அது மேற்கே கொஞ்சம் சாய்ந்த மரம். அதில் பதினான்கு குடும்பங்கள் வாழ்ந்தன. கிளிகள் ஐந்து குடும்பம், மைனாக்கள் மூன்று, புறாக்கள் இரண்டு, அணில்கள் மூன்று. ஆகப் பதின்மூன்று. பதினான்காவதாக, வேரடியில் வளை தோண்டி ஓர் அழுங்கு தனியாகக் குடியிருந்தது.

அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில். கறையானும் எறும்பும் அதன் உணவு. யாராவது தொட்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். மற்றவர்கள் கூடு திரும்பும் நேரத்தில் அது வளையை விட்டு வெளியே வரும். விடியும் நேரத்தில் உள்ளே போய்ப் படுத்துவிடும். பிறகு அதன் குறட்டை மட்டும் கேட்கும்.

அந்த மரத்துக்கு ஒரு மைனா தலைவி. முந்திய ஆடி மாதக் காற்றில் ஒரு புறா அடித்துச் செல்லப்பட்டது. அதைக் காணோம் என்பதே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மைனா தினமும் காலையில் கணக்கெடுத்தது. உச்சிக் கிளையில் வெயில் பட்டவுடன் எல்லோரும் கிழக்குப் பக்கத்துத் தாழ்ந்த கிளைக்கு வர வேண்டும். முட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டும் விலக்கு. பெயர் சொன்னால் குடும்பத்துக்கு ஒருவர் "இருக்கேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து நாள் குரல் கொடுக்காதவருக்கு மரத்தில் இடமில்லை.

முதல் நாள் பதின்மூன்று குரல் கேட்டது. இரண்டாம் நாளும் பதின்மூன்று. மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அப்படியே.

நான்காம் நாள் மாலை அழுங்கு வளையிலிருந்து தலையை நீட்டியது. மைனா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"எழுந்தாச்சா துரை? ஊரே தூங்கப் போகுது, உனக்கு இப்பத்தான் விடியுதா?"

"ஆமாக்கா, இப்பத்தான்" என்றது அழுங்கு.

"வெட்கமா இல்லையா? ராத்திரி பூரா முழிச்சிருந்து என்னத்தைக் கண்டே?"

"ஒண்ணும் இல்லக்கா. பகல்ல வெளிச்சம் கண்ணைக் குத்துது. ராத்திரி காற்று நல்லா இருக்கு. கறையானும் புற்றை விட்டு வெளியே வருது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்காம்! சோம்பேறிக்குப் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. நாளைக்குக் குரல் வரலேன்னா வளையைக் காலி பண்ணணும். தெரியுதா?"

அழுங்குக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த வளையைத் தோண்ட அதற்கு இருபத்திரண்டு இரவுகள் ஆகியிருந்தன. ஆகவே அது ஐந்தாம் நாள் காலை படுக்கப் போகவில்லை. தாழ்ந்த கிளைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது.

மைனா பெயர் சொல்லத் தொடங்கியது. "இருக்கேன்!" என்றது முதல் கிளி. "இருக்கேன்!" என்றது இரண்டாவது. அழுங்கு கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்தது. ஏழு ஆயிற்று. பத்து ஆயிற்று. பதின்மூன்றாவது குரலையும் அது கேட்டது.

"அழுங்கு!" என்றது மைனா.

அழுங்கு உட்கார்ந்தபடியே தூங்கி, சுருண்டு, சரிவில் உருண்டு, வறண்ட ஓடைக்குள் போய் விழுந்திருந்தது. கிளிகள் சிறகடித்துச் சிரித்தன.

"ஐந்து!" என்று முடித்தது மைனா.

அன்று பகலில் ஒரு கீரி அந்தப் பக்கம் வந்தது. நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மைனாவின் முன் வந்து பணிவாக நின்றது.

"மைனாக்கா, எனக்கு ஓர் இடம் வேணும். நான் கோழி கூவும் முன்னே எழுந்துடுவேன். பொழுது விடிஞ்சு படுத்திருந்தா எனக்கு உடம்பே ஆகாது!"

"அப்படிச் சொல்லு தம்பி! இந்த மரத்துக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேணும்" என்று மகிழ்ந்தது மைனா.

அழுங்கின் வளை கீரிக்குப் போயிற்று. அழுங்கு ஓடைக்கு மேற்கே, இலுப்பையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய புற்றில் ஒண்டிக்கொண்டது. அந்தப் புற்று ஆழமில்லாதது. வெளிச்சமும் வரும், சத்தமும் வரும்.

மறுநாள் காலை கீரி எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. மைனா வாயைத் திறக்கும் முன்பே, "இருக்கேன்!" என்றது.

"பார்த்தீங்களா? பார்த்துக் கத்துக்குங்க!" என்றது மைனா மற்றவர்களிடம்.

"அக்கா, எனக்கு வேலை கிடக்கு. என் பேரை முதல்லயே போட்டுட்டா நான் கிளம்பிடுவேன்" என்றது கீரி.

"சுறுசுறுப்புன்னா இதுதான்! நீ போ தம்பி!"

இப்படி ஆறு நாள் நடந்தது. ஆறு நாளும் பதினான்கு குரல். மைனாவுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

இரண்டாம் நாளே மைனாவின் கணவன், "நம்ம பொந்துல நாலு முட்டை இருந்துச்சே, இப்ப மூணுதான் இருக்கு" என்றது.

"உனக்கு எப்பத்தான் ஒழுங்கா எண்ண வந்தது?" என்று மைனா அதன் வாயை அடைத்துவிட்டது. 

ஆனால் ஆறாம் நாள் காலை, கணக்கெடுப்பு முடிந்ததும், ஒரு புறா அழுதுகொண்டு வந்தது. அதன் இரண்டு முட்டைகளில் ஒன்றைக் காணோம். ஒரு கிளியின் நான்கில் இரண்டு இல்லை. மைனா திடுக்கிட்டுத் தன் பொந்தை எட்டிப் பார்த்தது. நான்கு இருந்த இடத்தில் ஒன்று கிடந்தது. மொத்தம் ஆறு முட்டைகள் போயிருந்தன.

"யார்? யார் திருடன்?" என்று மரமே கூச்சலிட்டது.

கீரி முன்னால் வந்தது. "இதுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? திருட்டு எப்ப நடக்கும்? ராத்திரியில! ராத்திரி பூரா முழிச்சிருக்கிறது யாரு? அதை மட்டும் சொல்லுங்க!"

எல்லோரும் மேற்கே, புற்றின் பக்கம் திரும்பினார்கள்.

"ஊர் தூங்கும்போது விழிச்சிருக்கிறவனுக்கு நல்ல புத்தியா இருக்கும்?" என்றது ஒரு கிளி.

"வளையைப் பிடுங்கினோம்ல, அந்தக் கோபம்!" என்றது இன்னொரு கிளி.

அழுங்கைக் காட்டை விட்டே துரத்தி, கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் விடுவது என்று முடிவாயிற்று. கரட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை. அங்கே ஒரு புற்றும் கிடையாது. அங்கே போனால் அழுங்கு பட்டினியால் சாகும். இது எல்லோருக்கும் தெரியும். விசாரித்த பிறகே துரத்த வேண்டும் என்று அந்தப் புறா மட்டும் சொன்னது. சரி, விசாரிப்போம் என்றார்கள். நேரம் உச்சிப் பொழுது என்று கீரி குறித்தது.

உச்சிப் பொழுதில் அழுங்கைப் பிடித்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அது வெயிலில் தள்ளாடிக்கொண்டு நின்றது.

"முட்டையைத் தின்னது நீதானே? ஒத்துக்கோ!" என்றது மைனா.

"எந்த முட்டைக்கா?"

"நடிக்கிறான்! கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம நடிக்கிறான்!" என்று கத்தியது கீரி.

அழுங்கு பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. கொட்டாவி வந்தது. சின்னக் கொட்டாவி அல்ல. முழு நீளக் கொட்டாவி. அதன் நாக்கு ஒரு முழம் வெளியே வந்து மெதுவாக உள்ளே போயிற்று.

"எவ்வளவு திமிர்! சபையில கொட்டாவி விடுறான்!" என்றது மைனா.

அப்போது பக்கத்தில் இருந்த ஓர் அணில் துள்ளிக் குதித்தது.

"அக்கா! அக்கா! கொஞ்சம் பொறுங்க! அழுங்கண்ணே, இன்னொரு தடவை கொட்டாவி விடுங்க!"

அழுங்குக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை விட்டது.

"இவருக்கு ஒரு பல்கூட இல்லையே!" என்றது அணில். அது ஓடிப்போய் ஒரு முட்டை ஓட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தது. "இது மரத்துக்கு மேற்கே கிடந்தது. பாருங்க, பல் பட்ட ஓட்டை நாலு இருக்கு. இல்லாத பல்லால எப்படிக் கடிக்க முடியும்?"

மைனா ஓட்டைகளை எண்ணியது. நான்குதான்.

"அப்ப பல் உள்ளவங்க எல்லாரும் வாயைத் திறந்து காட்டுவோம். முதல்ல நாங்க" என்று மூன்று அணில் குடும்பங்களும் வாயைத் திறந்தன. அணில் பல் அந்த ஓட்டைகளுக்குப் பொருந்தவில்லை.

"இப்ப நீ திற தம்பி" என்றது மைனா கீரியிடம்.

"நானா? விடியக்காலையில எழுந்திருக்கிற என்னையா சந்தேகப்படுறீங்க?" என்றது கீரி, பல் தெரியாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு.

அழுங்கு அரைத் தூக்கத்தில் பேசியது. "கீரித் தம்பியைத் திட்டாதீங்கக்கா. நல்ல உழைப்பாளி. காலையில நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் கூடி 'இருக்கேன், இருக்கேன்'னு கத்துறீங்க. எனக்குத் தூக்கம் பிடிக்கிறதில்லை. அந்த நேரத்துல தம்பி இந்தப் பக்கமா மரத்துல ஏறி ஏறி இறங்குது. உடம்புக்குப் பயிற்சி போலன்னு நினைச்சேன்."

"எத்தனை நாள் பார்த்தே?" என்றது மைனா.

"ஆறு நாள்."

"ஏன் முன்னாலயே சொல்லலே?"

"நான் எழுந்தா நீங்க தூங்குறீங்க. நீங்க எழுந்தா நான் தூங்குறேன். யார் கேட்டீங்க, யார்கிட்டச் சொல்ல?"

ஐந்து கிளிக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. கீரி நின்ற இடத்தில் புழுதிதான் இருந்தது. அது ஓடைக்குள் குதித்து ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

எல்லோரையும் கிழக்குக் கிளைக்கு அழைத்து, கூடுகளை வெறுமையாக்கி, திருடனுக்கு வழி விட்டது தன் கணக்கெடுப்புதான் என்று மைனாவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு காலையும் தலைகளைத் தவறாமல் எண்ணியது. ஒரு நாளும் முட்டைகளை எண்ணவில்லை.

"வளைக்குப் போ" என்றது அழுங்கிடம். கொஞ்சம் பொறுத்து, "போய்த் தூங்குப்பா" என்றது.

அடுத்த நாளிலிருந்து யாரும் கிழக்குக் கிளைக்கு வரவில்லை. அவரவர் கூட்டிலிருந்தே குரல் கொடுத்தார்கள். கிளிகள் ஐந்து, மைனாக்கள் மூன்று, புறாக்கள் இரண்டு, அணில்கள் மூன்று. ஆகப் பதின்மூன்று.

"அழுங்கு!" என்றது மைனா.

வேரடியிலிருந்து குறட்டை கேட்டது.

மைனா தலையைச் சாய்த்து அதைக் கவனமாகக் கேட்டது. பிறகு, "பதினாலு!" என்று சொல்லிவிட்டுத் தன் பொந்தில் மிச்சமிருந்த ஒரு முட்டையின் மேல் போய் அமர்ந்தது.

ஒருவர் எந்த நேரத்தில் எழுகிறார் என்பதை வைத்து அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ முடிவு கட்டக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.