வேண்டாம் என்கிற பொத்தான்

செல்லக்கனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், காலடியில் காம்புக் குவியல். அடுக்களையில் செய்ய வேண்டிய வேலையை அவள் நூலகத்தின் பின்னறையில், பெண்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்து செய்தாள். எதிரே கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தது. இவள்தான் அதைத் தொட்டு இரண்டு நாளாகிறது.

டீச்சர் ஜெபராணி இவளைவிட நாலு வயது இளையவள். இவள் அவளை டீச்சர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

"கீரை முடிஞ்சதும் என்ன செய்வீங்க அக்கா?"

"வீட்டுக்குப் போவேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கீரை இருக்கு டீச்சர்."



நடந்தது இதுதான். செல்லக்கனியின் அத்தான் இறந்து ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். அக்காவும் அத்தானும் சேர்ந்து நிற்கிற கல்யாணப் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வெள்ளம் வந்த வருஷம் அது பீரோவோடு நனைந்து, அத்தான் முகம் பூராவும் கறை. "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, அவர் முகத்தைத் தெளிவாக்கிக் குடுடி" என்று அக்கா திருப்பூரிலிருந்து போனில் அழுதாள்.

வகுப்பில் இருந்தது காசில்லாமல் கிடைக்கிற படம் திருத்தும் மென்பொருள். அதில் நாலு நாள் உட்கார்ந்து, கறையைப் பொட்டுப் பொட்டாக எடுத்தாள். சாயங்காலம் அணைக்க மாட்டாள். திரைமேல் பழைய துண்டைப் போர்த்தி, 'யாரும் தொடாதீங்க' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவாள். வேலையைச் சேமிப்பது எப்படி என்று கேட்கக் கூச்சம்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம். வேலையைச் சேமிப்பது ஒன்று, படமாக வெளியே எடுப்பது வேறு. படத்தை வெளியே எடுத்துவிட்டு மூடினாலும், 'சேமிக்கவில்லையே, சேமிக்கட்டுமா?' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். படம்தான் கையில் இருக்கிறதே என்று எல்லோரும் 'வேண்டாம்' அழுத்துவார்கள். வகுப்பில் பதினோரு பேருக்கும் விரல் தானாகப் போகும்.

திங்கட்கிழமை, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அவசரத்தில், துண்டு போர்த்துவதற்குப் பதில் மூடிவிட்டாள். பெட்டி வந்தது. விரல் போனது. அன்றைக்குப் படம் வெளியே எடுக்கப்படவில்லை; நாலு நாள் வேலையும் போயிற்று.

புதன்கிழமையான இன்று, கீரையை உதறிக்கொண்டே கேட்டாள்.

"இதைச் செஞ்சது யாரு டீச்சர்?"

"எந்தெந்த ஊர்லயோ இருக்கிறவங்க. சும்மா செய்யறாங்க."

"சும்மா செஞ்சா இப்படித்தான் இருக்கும். ஒரு வட்டம் போட நாலு இடம் சுத்தணும். நேத்து ஓரத்துல இருந்த கருவித் தட்டு இன்னைக்குக் காணாமப் போவுது. தப்பு அவங்க மேலயா, என் மேலயா? அதுவே எனக்கு விளங்கலை."

"திட்டுங்க."

"யாரை?"

"அவங்களைத்தான். நீங்க சொல்லுங்க, நான் அவங்க பாஷையில எழுதி அனுப்புறேன்."

செல்லக்கனி முதலில் சிரித்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். ஆரம்பித்தபின் நிற்கவில்லை. டீச்சர் முகம் மாறாமல் தட்டினாள்.

"சோம்பேறிப் பயலுவளான்னு சொன்னீங்களே, அதையும் போடவா?"

"போடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம். இல்ல, போடுங்க."

கடிதம் போயிற்று. திட்டி முடித்தால் மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறினதா என்று தெரியவில்லை. கீரையும் தீர்ந்திருந்தது. சும்மா இருந்த கை மவுஸின் மேல் போனது. சேமிக்கிற வழியை டீச்சரிடம் கேட்டுக்கொண்டாள். ஒரு கறை எடுப்பாள், சேமிப்பாள். இன்னொன்று எடுப்பாள், சேமிப்பாள். நாலு நாள் வேலை இரண்டு நாளில் வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கறையை மட்டும் எடுக்கப் போய், நிறுத்திவிட்டாள். அது அத்தானின் மச்சம்.

சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் அக்கா நேரே வகுப்புக்கே வருகிறாள். அச்சடித்த படத்தைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தபோது டீச்சர் கூப்பிட்டாள்.

"பதில் வந்திருக்கு அக்கா."

"எனக்கா? திட்டிட்டாங்களா?"

"மிலோஷ்னு ஒருத்தர். வேலைக்குப் போற ரயில்ல உட்கார்ந்துதான் இதைச் செய்யறாராம். அவரும் ஒரு தடவை இதே பொத்தானை அழுத்தி, மகள் படத்தைத் தொலைச்சிருக்கார்."

"அவரு செஞ்ச பொத்தான்தானே?"

"அவர் செஞ்ச பொத்தான்தான்."

"அப்புறமும் ஏன் சரி பண்ணலை?"

"எப்படிப் பண்றதுன்னு அவங்களுக்குள்ள ஒன்பது வருஷமா பேச்சு நடக்குதாம். பெட்டியை எடுத்துடலாம்னு சிலர், கூடாதுன்னு சிலர். அது எப்படிக் கேட்டிருந்தா உங்க விரல் நின்னிருக்கும்னு உங்ககிட்டக் கேட்கிறார்."

செல்லக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. மடியிலிருந்த படத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"நான் திட்டத்தானே செஞ்சேன்? அரிசியில கல்லு கிடக்குன்னு சொன்னா, உள்ளே வந்து பொறுக்கும்மாங்கிற மாதிரி இருக்கே."

"ஆமா."

"ஆமாவா? ஆறாவதோட நின்னவ டீச்சர் நான். அவரு அவ்வளவு படிச்சவரு. அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்?"

டீச்சர் எழுந்தாள். தன் நாற்காலியை இவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"அவருக்குப் பொத்தானைத் தெரியும் அக்கா. உங்க விரலை அவருக்கு எப்படித் தெரியும்?"

 செல்லக்கனி தன் வலதுகை விரலைப் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினாள்.

'ஐயா, கோபத்தில் பேசிவிட்டேன். படம் வெளியே எடுத்த அன்றைக்கும் எடுக்காத அன்றைக்கும் அந்தப் பெட்டி ஒரே மூஞ்சியோடு வருகிறது. அதனால்தான் நான் அதன் மூஞ்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எடுக்காத அன்றைக்கு மட்டும் அது'

"கனி! ஏ கனி! எங்கடி அவரு?"

வாசலில் அக்கா. செல்லக்கனி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், திரும்பி வந்து சேமித்தாள், அப்புறம்தான் வாசலுக்கு ஓடினாள்.