அலை பம்பை நிறுத்தியவர்

கொளத்தூரில் வளர்ப்புக் கடல்மீன் கடை வைத்திருந்த சபூராவுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் மீன்தொட்டி பராமரிக்கப் பழகிய தணிகைவேலுக்கு அறுபத்திரண்டு. அவள் அவரை ‘அண்ணே’ என்பாள். அவர் அவளை ‘குரு’ என்பார். பாதி கேலி, பாதி நிஜம்.

ஒரு மதியம் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“குரு, பவளம் சுருங்கிப் போச்சு. மூணு நாளா விரியல.”

தொட்டிக்குள் காளான்போல் விரியும் கடலுயிரான அந்த மென்பவளம் அவர் மனைவி அமிர்தத்தின் செல்லம். பக்கவாதம் வந்த நாலு மாதமாகப் படுக்கையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். அது விரிந்த பிறகுதான் காலைக் காபி.

“என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல. சுத்தமாத்தான் வெச்சிருக்கேன். கல்லெல்லாம் பழுப்பேறிக் கெடந்துச்சு. குழாய்த் தண்ணில போட்டு நல்லா தேய்ச்சேன்.”

சபூராவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அந்தப் பழுப்புல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க குடியிருந்துச்சுண்ணே. மீன் கழிவை எல்லாம் தின்னு தண்ணியக் காப்பாத்தினதே அதுங்கதான். குளோரின் தண்ணியில மொத்தத்தையும் கொன்னுட்டு, ஒண்ணும் செய்யலங்கறீங்க.”

“அழுக்குன்னு நெனச்சேன்.”

“அலை பம்பு ஓடுதா?”

“நிறுத்திட்டேன். ஓயாம பவளத்தப் போட்டு ஆட்டுது. பாவமா இருந்துச்சு.”

அவள் எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். ஃபேனை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள். மே மாத வெயில். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஃபேனப் போடேன், குரு.”

“காத்து மூஞ்சில அடிக்குமேண்ணே. பாவம் நீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, தினம் ஒரு மணி நேரம் பம்பை ஓட விடறேன்.”

“நாள் பூரா.”

“காலைல ரெண்டு, சாயந்தரம் ரெண்டு. என்ன சொல்றே?”

“என்கிட்டயே பேரமா? நாள் பூரா. ஆடினாத்தான் அதுக்கு உசுரு.”

ஃபேனைப் போட்டாள். தன் தொட்டியிலிருந்து வழவழவென்று பழுப்பேறிய கல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டு, கடல் நீரும் ஊற்றிக் கட்டினாள். பெரிய கேனில் மேலும் கடல் நீர் பிடித்தாள்.

“பாதித் தண்ணிய மாத்துங்க. இந்தக் கல்ல உள்ள வைங்க. இதையும் கழுவினீங்கன்னா கடைப்பக்கம் வராதீங்க.”

மூன்று வாரம் கழித்து வந்தார். கையில் கேசரி டப்பா.

“நேத்து விரிஞ்சிடுச்சு, குரு. அமிர்தம் சிரிச்சா.”

“அண்ணி எப்படி இருக்காங்க?”

“ராணி மாதிரி. ஒரு டம்ளரக்கூடத் தூக்க விடறதில்ல. நான்தான் ஊட்டறேன். கை காலுக்குப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. வலிக்குதுன்னு கண்ணுல தண்ணி வெச்சா. பாவமா இருந்துச்சு. வர வேணாம்னு நிறுத்திட்டேன்.”

சபூரா எழுந்தாள். போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கை ஃபேன் சுவிட்சுக்குப் போவதைத் தணிகைவேல் பார்த்தார்.

“பயிற்சி தினம் பத்து நிமிஷம் போதுமா, குரு?” என்றார், மெதுவாக.

அவள் சுவிட்சை விட்டுவிட்டு வந்து டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் கேசரி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“யாரு கிண்டினது?”

“நான்தான்.”

“நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவ அண்ணி கிண்டினதக் கொண்டாங்க.”