முதல் நாலு எழுத்து

“எதைக் கேட்டாலும் ‘நீ கேட்டது சரியில்லை’ன்னே பதில் சொல்லுது டீச்சர்.”

நல்லபெருமாள் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது தாண்டியவர். ஜெசிந்தா அவருக்கு இளையவர். ஆனாலும் நெட்வொர்க் வேலையில் ஜெசிந்தாதான் அவருக்கு ஆசிரியை.

“எது?”

“சர்வ்லெட் கன்டெய்னர்.”

கடலில் நிற்கும் விசைப்படகுகள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளும் சர்வர் நல்லபெருமாள் ஜாவாவில் தானே கட்டியது. படகு பேசும் மொழிகூட அவர் வகுத்ததுதான். இப்போது வீட்டுப் பெண்கள் செல்போனில் படகைப் பார்க்க வேண்டும் என்றது மீனவர் சங்கம். இணையப் பக்கம் தருவதற்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளான அந்தக் கன்டெய்னரைத் தன் சர்வருக்குள் குடிவைத்தார்.

இன்று மாலைக்குள் பக்கம் வராவிட்டால் அவருடைய சர்வரையே கழற்றிவிட்டு வெளியூர் கம்பெனிச் சரக்கை வைத்துவிடுவார்கள்.

“கன்டெய்னரைத் தனியா ஓட்டிப்—”

“தெரியும் டீச்சர். பார்த்தாச்சு. தனியா ஜோரா ஓடுது.”

“படகுக்கும் பக்கத்துக்கும் வேற வேற—”

“தெரியும், தெரியும். ரெண்டு வாசல் கிடையாது. ஒரே போர்ட்டுதான் தருவாங்களாம்.”

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

“வந்தது படகா, பக்கம் பார்க்கிறவங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

“முதல் நாலு எழுத்தை வாங்கிப் படிப்பேன். எனக்கு அது போதும். படகுன்னா நான் பேசுவேன். இல்லேன்னா இணைப்பை அப்படியே கன்டெய்னர் கையில கொடுத்துருவேன்.”

“அப்படியேவா?”

“அப்படியே.”

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“சரி அண்ணாச்சி. காலையில சங்கத்துல என்ன நடந்துச்சு?”

“மரியசெல்வம் சம்சாரம் வந்து—”

“போதும். இது சில்வேஸ்டர் கேட்க வேண்டியது.”

பக்கத்து அறையில் வேலை பார்க்கும் சில்வேஸ்டரைக் கூப்பிட்டார் ஜெசிந்தா.

“மிச்சத்தை இவர்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது.”

மாலை நெருங்குகிறது. இது என்ன விளையாட்டு? நல்லபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“போனைத் தூக்கி மேசையில போட்டுட்டு, ‘எங்க இருக்காருன்னு இதுல தெரியலையே’ன்னு அழுதுச்சு.”

சில்வேஸ்டர் விழித்தார். “நீங்க சொல்லுதது சரியில்லையே அண்ணாச்சி.”

“என்ன சரியில்ல?”

“யாரு அழுதது? தலையே இல்லாம பேசுதீய.”

“அதான் அப்பவே சொன்னேனே!”

“எங்கிட்டயா சொன்னீய?”

நடந்துகொண்டிருந்த நல்லபெருமாள் நின்றார். ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல உள்ளங்கையைப் பார்த்தார்.

“படிச்ச நாலு எழுத்தையும் நானே வச்சுக்கிட்டேன் டீச்சர். கன்டெய்னருக்குக் கொடுக்கவே இல்ல.”

கதவை நோக்கிப் பாய்ந்தார். கிடைத்த செருப்பில் காலை நுழைத்தார்.

“அண்ணாச்சி, நீங்க—”

“தெரியும், தெரியும்!”

பாதிப் படியில் கால் நின்றது.

வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி ஏறி வந்தார்.

“சொல்லுங்க டீச்சர்.”

“நீங்க போட்டிருக்கது சில்வேஸ்டர் செருப்பு.”