உலகம்மாள் இல்லாத கடை

கூடல்வாடியில் ஒரு சங்கதியை யாரும் பேசக் கூடாது என்று அரண்மனைத் தடை இருந்தது. அதனால் அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்திருந்தார். கடைத்தெருவில் பலகாரக் கடை வைத்திருந்த உலகம்மாளிடம் அதிரசம் செய்யச் சொல்லியிருந்தார்கள். தட்டு வந்தது. மூடியைத் திறந்தால் வளைகாப்புப் பலகாரம். மேலே பச்சை வளையல்.

விருந்தாளி வளையலைப் பார்த்தார். முத்துவிசய ராஜாவின் தொந்தியைப் பார்த்தார். "எத்தனையாவது மாதம்?" என்று கேட்டார்.

மறுநாள் உலகம்மாள் சபையில் நின்றாள்.

"மாறிப் போச்சு மகராசா" என்றாள். கைப்பக்குவத்தில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் எந்தப் பலகாரம் யாருக்கு, வெல்லம் எந்தப் பானையில், அடுப்பை எப்போது அணைப்பது, எல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தன. அன்றைக்கு அவளுக்குத் தலைவலி.

"இந்தச் சின்னக் கடைக்காரர்களுக்கு ஒழுங்கே கிடையாது. மூடிவிடலாம் அரசே" என்றார் மந்திரி வயிரவநாதர். அந்த இடத்தின் மேல் அவருடைய மைத்துனருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

அரண்மனை விகடகவி செவ்வந்தியப்பர் எழுந்தார். "ஒழுங்கு இல்லையென்றால் உண்டாக்கலாம். ஒரு மாதம் கொடுங்கள்."

"சரி" என்றார் மந்திரி. "ஒரு மாதம் கழித்து அரசர் வேட்டைக்குப் போகிறார். அவர் திரும்பும்வரை இந்த அம்மாள் அரண்மனை விடுதியைவிட்டு வெளியே வரக் கூடாது. இவள் இல்லாமல் கடை ஓடினால் ஒழுங்கு. ஓடாவிட்டால் மூடல்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட உலகம்மாள் கடையைவிட்டு நகர்ந்ததில்லை.

மறுநாள் காலை செவ்வந்தியப்பர் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

"ஏளா உலகு, வெல்லம் எங்கன இருக்கு?" என்றான் புருஷன் சங்கிலி.

"கட்டிலுக்கு அடியில!"

"மதினி, இந்த முறுக்கு யாருக்கு?" என்றான் கொழுந்தன் கந்தப்பன்.

"கோயில் வீட்டுக்கு!"

"ஏளா, பாகு பதமாயிட்டா?"

செவ்வந்தியப்பர் தட்டிலிருந்து ஒரு பொருள்விளங்கா உருண்டையை எடுத்தார். கல் மாதிரி இருந்தது. "அம்மா, இதை வாயில் போட்டுக்கொள். கடிக்காதே. கரைகிறவரை பேசாதே."

"எதுக்கு சாமி?"

"போடு, சொல்கிறேன்." போட்டுக்கொண்டாள். அவர் சொல்லவில்லை.

சங்கிலி கேட்டான். பதில் இல்லை. கந்தப்பன் கேட்டான். உலகம்மாள் கண்ணை உருட்டினாள். கொஞ்ச நேரம் கடையே அல்லோலகல்லோலப்பட்டது. பிறகு சங்கிலி தானாகவே வெல்லத்தைத் தேடி எடுத்தான்.

"இனி எங்கே வைப்பாய்?" என்றார் செவ்வந்தியப்பர்.

"அடுப்புக்குப் பக்கத்துல."

"வேறெங்காவது?"

"வேற எங்கயும் வைக்க மாட்டேன். இவ்வளவு நேரம் தேடினவன் நான்தான்."

இப்படியே ஒவ்வொரு கேள்வியாகத் தீர்த்தார்கள். ஒரு தடவை கேட்ட கேள்வி மறுதடவை எழாதபடி ஏதாவது செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு. பலகாரம் சொல்ல வருகிறவர்களிடம் ஓர் அடையாளம் வாங்கினார்கள். கல்யாண வீட்டார் மஞ்சள் கிழங்கு கொடுத்தார்கள். வளைகாப்பு வீட்டார் வளையல் கொடுத்தார்கள். அரண்மனைக்கு மயிலிறகு. அது அந்தந்தச் சட்டியின் கழுத்தில் தொங்கும். கடைசியில் சட்டியோடு வாசல்வரை போய், வாங்க வந்தவர் 'இது எங்களுடையது' என்ற பிறகே மூடி கட்டப்படும். பாகின் பதத்தை உலகம்மாள் வாயால் சொல்லாமல் சங்கிலியின் விரலைப் பிடித்துக் காட்டினாள். இரண்டு முறை சுட்டுக்கொண்டான். பதம் வந்துவிட்டது.

ராஜா வேட்டைக்குப் போனார். உலகம்மாள் விடுதிக்குப் போனாள்.

மெத்தையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் வழியே எண்ணெய் வாசனை வந்தால் நிம்மதி. காற்று திசை மாறினால் அடுத்த ஜன்னலுக்கு ஓடுவாள். மந்திரி கடையைத் திணறடிக்க ஒரே காலையில் நான்கு கல்யாண வீட்டாரை அனுப்பிப் பலகாரம் சொல்லவைத்ததாகச் சேவகன் வந்து சொன்னான். உலகம்மாள் வாய்விட்டு அழுதாள். அன்று சாயங்காலம் நான்கு வீட்டாரும் வாசலில் தங்கள் தங்கள் மஞ்சள் கிழங்கை அடையாளம் பார்த்து, 'இது எங்களுடையது' என்று சொல்லிச் சட்டியை வாங்கிப் போனார்கள் என்று அதே சேவகன் சொன்னான். அதற்கும் அழுதாள்.

ராஜா திரும்பினார். தட்டு வந்தது. மயிலிறகு. மூடியைத் திறந்தால் அதிரசம். ராஜா ஒன்றைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார்.

"கடை ஓடியிருக்கிறது" என்றார்.

மந்திரி முகம் மாறவில்லை. "மகிழ்ச்சி அரசே. ஆனால் ஒன்று. இந்த அம்மாள் இல்லாமலே கடை ஓடுகிறது என்றால் இந்த அம்மாள் எதற்கு? கடையை என் மைத்துனர் பெயருக்கு மாற்றிவிடலாமே?"

உலகம்மாள் செவ்வந்தியப்பரைப் பார்த்தாள். ஒழுங்காக இல்லாததற்கும் தண்டனை, ஒழுங்கானதற்கும் தண்டனையா?

செவ்வந்தியப்பர் மட்டும் மெச்சுவது போலத் தலையை ஆட்டினார். "மந்திரியார் சொல்வது ரொம்ப நியாயம். அரசே, தாங்கள் வேட்டைக்குப் போயிருந்த நாட்களில் நாட்டில் ஒரு திருட்டு இல்லை, ஒரு சண்டை இல்லை. தாங்கள் இல்லாமலே நாடு அருமையாக ஓடியது."

ராஜா, எடுத்த மூன்றாவது அதிரசத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"அதனால்?" என்றார் ராஜா.

"அதனால் 'அரசர் எதற்கு?' என்று நான் கேட்கவில்லை அரசே. அந்தக் கேள்வி மந்திரியாருடையது."

ராஜா மெதுவாக மந்திரி பக்கம் திரும்பினார். மந்திரிக்கு வியர்த்தது. "அரசே... ஏற்பாடு செய்துவைத்தவர் இருப்பதால்தான்... அவர் இல்லாதபோதும்... முதலாளி கட்டாயம் வேண்டும் அரசே!"

ராஜா சிரித்த சிரிப்பில் அதிரசத் தட்டு ஆடியது. கடை உலகம்மாளுக்கே என்றார். அரண்மனைப் பலகாரம் இனி எப்போதும் அவளிடம்தான் என்றார். செவ்வந்தியப்பருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

"மந்திரியாரே, உமது சோதனை நல்ல சோதனை. நாளை முதல் ஒரு மாதம் நீர் விடுதியில் இரும். உமது வேலையும் நீரில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம்."

மந்திரி, செவ்வந்தியப்பரின் காதருகே குனிந்தார். "ஐயா, என் வேலை நானில்லாமல் ஓட வேண்டுமா, ஓடக் கூடாதா? எது நல்லது?"

செவ்வந்தியப்பர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"ஓடினால் நீர் எதற்கு என்பார்கள். ஓடாவிட்டால் மூடல் என்பார்கள். இரண்டுமே நீங்கள் போட்ட சட்டம். எது நல்லது என்று உங்கள் மைத்துனரைக் கேளுங்கள்."