மூடி போட்டு எடுத்த படம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடனுக்கு அறுபத்துமூன்று. தாடி இருந்ததும் சீடனுக்குத்தான். யாருக்காவது இதில் ஆட்சேபணை இருந்தால் ஜவ்வாது மலைக்குப் போய் அவர்களிடமே சொல்லிக்கொள்ளலாம்.

குருவின் பெயர் வேதவல்லி. மலைமேல் ஒரு சின்ன ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவர். பகலெல்லாம் மாத்திரை எண்ணுவார். அமாவாசையை ஒட்டிய நாட்களில், இருட்டியதும் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பாறைமேல் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி வானத்தைப் படமெடுப்பார். டெலஸ்கோப் எல்லாம் கிடையாது. கல்யாண வீட்டில் படமெடுக்கிற சாதாரண கேமராதான்.

சீடன் முனிரத்தினம், திருப்பத்தூரில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி தனபாக்கியம் போன மாசியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு முனிரத்தினத்துக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல், கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, மலையில் ராத்திரி தங்கும் கடைசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் பழைய கூட்டாளி. பஸ்ஸின் பின் சீட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயும் தூக்கம் வரவில்லை, மாத்திரையும் கொண்டுவரவில்லை. இறங்கி நடந்தவர் பாறைமேல் ஆள் இருப்பதைப் பார்த்தார். மருந்து கொடுக்கிற அம்மா என்று தெரிந்ததும் நேராகக் கேட்டார்.

"தூக்க மாத்திரை ஒண்ணு குடும்மா."

"டாக்டர் சீட்டு இருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்ப இப்படி உக்காருங்க. இந்தப் பட்டன அமுக்குங்க."

அமுக்கினார். ஆறு விநாடி கழித்துக் கேமரா 'டக்' என்று மூடிக்கொண்டது. சின்னத் திரையில் நாலைந்து புள்ளிகள் தெரிந்தன.

"இன்னா படம் இது? ஒண்ணுமே இல்லியே."

"இன்னும் நூத்தித் தொண்ணூத்தொம்பது தடவ அமுக்குங்க. அப்புறம் சொல்றேன்."

தீட்சை அவ்வளவுதான்.

இருநூறு படத்தையும் வேதவல்லி லேப்டாப்பில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும், அதற்குக் கீழே, வாள் தொங்குகிற இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு புகை எழுந்து வந்தது. ஊதுவத்திப் புகை காற்றில்லாத அறையில் நிற்குமே, அப்படி நின்றது. புது நட்சத்திரங்கள் அங்கேதான் பிறக்கின்றன என்றார் வேதவல்லி.

"இவ்ளோ நேரம் இது அங்கயேவா இருந்துச்சு?"

"இருந்துச்சு. ஒரு படத்துக்குப் புடிபடல. அவ்ளோதான்."

முனிரத்தினம் அன்று தூங்கவில்லை. ஆனால் தூங்காததை அன்றுதான் அவர் மறந்தே போனார்.

அடுத்த வாரமே திருப்பத்தூரில், ஸ்டூடியோவைக் காலி செய்த ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டார். மகள் போனில் திட்டினாள். "இந்த வயசுல இன்னாப்பா உங்களுக்குக் கேமரா?" தாடியைச் சொறிந்துகொண்டார்.

குரு சொன்ன விதிகள் கொஞ்சம்தான். ஸ்டாண்டு ஆடக் கூடாது. ஆறு விநாடிக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, வைத்தால் பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் கோடாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, நகர்ந்துபோன வானத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இருநூறு முடிந்ததும் லென்ஸுக்கு மூடி போட்டு, அதே ஆறு விநாடியில் இன்னும் இருபது எடுக்க வேண்டும்.

முதல் மூன்று விதிகளையும் முனிரத்தினம் தலைமேல் வைத்துக்கொண்டார். நாலாவதை மட்டும் மதிக்கவே இல்லை.

"மூடி போட்டா இன்னாம்மா வரும்? காலி பஸ்ஸுக்கு யாராச்சும் டிக்கெட்டு கிழிப்பாங்களா?"

"எடுங்க. எதுக்குன்னு அப்புறம் தெரியும்."

எடுக்கிறேன் என்று தலையாட்டுவார். எடுக்க மாட்டார். முப்பத்தேழு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர்களைச் சமாளித்தவருக்கு இந்தக் குருவைச் சமாளிப்பது பெரிய காரியமா?

தை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை அவர் மறுபடி மலையேறினார். ஏழரை மணிக்கே வேட்டைக்காரன் கிழக்கில் நன்றாக ஏறியிருந்தான். முனிரத்தினம் வழக்கம்போல ஸ்டாண்டை நிறுத்தினார், குறி பார்த்தார், அமுக்கினார். ஆனால் பேச்சே இல்லை. வழக்கமாகப் பத்து படத்துக்கு ஒரு பஸ் கதை சொல்கிறவர். வேதவல்லி ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒடம்பு எப்படி இருக்குது கண்டக்டர் சார்?"

"நல்லா இருக்கேன் வாத்தியாரம்மா. மாத்திரைய நிறுத்தி இருபத்தேழு நாள் ஆவுது. படுத்தா தூங்கிடறேன்."

"நெஜமாவா?"

"பாக்கியத்து மேல சத்தியமா."

வேதவல்லிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தவர், நிறுத்திவிட்டேன் என்று வந்து சொல்கிறவர் எத்தனை பேர்?

முனிரத்தினம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"சித்திரை முடிஞ்சா வேட்டைக்காரன் மேற்க எறங்கிடுவான், ரெண்டு மாசம் கண்ணுலயே பட மாட்டான்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா. சூரியனோட போயிடும்."

"அப்ப இதுவும் போயிடுமா?"

முனிரத்தினம் கேமராவை வேதவல்லி பக்கம் திருப்பினார். மார்கழியில் எடுத்த ஒரு படம். அதைப் பெரிதாக்கி, இடது பக்கம் கீழ் மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. மிளகாய் விதை அளவு கூட இல்லை. ஆனால் நல்ல சிவப்பு.

"இத எல்லாப் படத்துலயும் பாத்தேன். மத்ததெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா நகருது. இது மட்டும் இருந்த எடத்துலயே இருக்குது. கார்த்திகை மீன் பக்கம் திருப்புனேன், அங்கயும் வந்துச்சு. எங்க திருப்புனாலும் கூடவே வருது."

வேதவல்லி குனிந்து திரையைப் பார்த்தார்.

"பாக்கியம் சிவப்புக்கல் மூக்குத்திதான் போட்டிருப்பா. கல்யாணத்துக்குப் போட்டது. கடைசியில கழட்டி பொண்ணுகிட்ட குடுத்துட்டோம்." செருமிக்கொண்டார். "செத்தவங்க நட்சத்திரமாவாங்கன்னெல்லாம் நான் நம்பறவன் இல்லம்மா. யூனியன்ல இருந்தவன். ஆனா இத பாத்துட்டுப் படுத்தா தூக்கம் வருது. அதான் கேக்கறேன். சித்திரையில இதுவும் போயிடுமா?"

பார்த்த மாத்திரத்தில் வேதவல்லிக்கு அது என்னவென்று தெரிந்துபோயிற்று. வானத்தைப் படமெடுக்கிற எவருக்கும் தெரியும். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷன் இன்றைக்கும் தூங்குவார். சொல்லிவிடலாமா என்று நினைத்தார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் சித்திரைக்குப் பிறகும் அந்தப் புள்ளி வரும். ஐப்பசி மழையில் வானமே மூடிக்கொண்டாலும் வரும். அப்போது இவர் தன்னந்தனியாகத் திருப்பத்தூர் மொட்டைமாடியில் அதைக் கண்டுபிடிப்பார். பக்கத்தில் டீ ஊற்றிக் கொடுக்க ஆள் இருக்காது.

"மூடியப் போடுங்க கண்டக்டர் சார்."

"எதுக்கு?"

"போடுங்க."

லென்ஸுக்கு மூடி போட்டார். வேதவல்லி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின்மேல் ரெண்டு சுற்றுச் சுற்றினார்.

"அமுக்குங்க. அதே ஆறு."

அமுக்கினார். 'டக்' என்றது. துண்டை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். முழுக் கறுப்பு. நட்சத்திரம் ஒன்றும் இல்லை, புகை இல்லை, வானமே இல்லை.

"மூலைக்குப் போங்க."

பெரிதாக்கினார். இடது பக்கம், கீழ் மூலை.

சிவப்புப் புள்ளி இருந்தது.

பாறைக்குக் கீழே எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. முனிரத்தினம் திரையை விரலால் துடைத்துப் பார்த்தார்.

"அப்ப இது மேல இல்ல."

"இல்லீங்க."

"கேமராவுல இருக்குது."

"ஆமா. உள்ள வெளிச்சம் வாங்குற புள்ளிங்கள்ல ஒண்ணு சூடாயி, இருட்டுலயும் எரியுது. பழைய கேமராவுல இருக்கும். புதுசுலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும். இத கண்டுபுடிச்சிக் கழிக்கத்தான் மூடி போட்டு எடுக்கறது."

"எனக்கு அப்பவே சந்தேகந்தான் வாத்தியாரம்மா." அவர் சிரிக்கப் பார்த்தார். "மார்கழியில ஒருநாள் வீட்டு மாடியில எடுத்தேன். ஒரே மூடாப்பு. ஒரு நட்சத்திரம் இல்ல, இது மட்டும் வந்துச்சு. மேகத்தத் தாண்டியும் தெரியுதுன்னு நெனச்சிக்கிட்டேன். மனசு இருக்குதே, எதையாச்சும் சொல்லிக்கும்."

வேதவல்லிக்குக் கண் கலங்கியது. இருட்டு என்பதால் துடைத்துக்கொள்ளவில்லை.

முனிரத்தினம் திரையை அணைக்கவும் இல்லை, வேறு படத்துக்கு மாற்றவும் இல்லை. அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"முதல் டிரிப்பு நாலே காலுக்கு. மூணு மணிக்கு எழுந்திருப்பேன். புள்ளைங்க தூங்குதுன்னு பாக்கியம் லைட்டு போட மாட்டா. அடுப்பு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்துல மூஞ்சி தெரியாது, கை தெரியாது. டீய நீட்டறப்ப அந்தக் கல்லு மட்டும் தெரியும்."

திரையை வேதவல்லியின் பக்கம் சாய்த்தார்.

"இப்படித்தாம்மா இருக்கும். நட்சத்திரமெல்லாம் கூட இருந்ததால எனக்குத் தெரியல. இப்படியே இருக்கும்."

வேதவல்லி பார்த்தார்.

முனிரத்தினம் தாடியைத் தடவிக்கொண்டார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைப் பாறைமேல் வைத்துவிட்டு, ஒரு தொழில்காரனின் கவனத்தோடு கேட்டார்.

"மூடி போட்டு இருபது எடுத்துக் குடுத்தா, லேப்டாப்ல இது கழிஞ்சிடுமா?"

"கழிஞ்சிடும்."

"ஒரு பொட்டு கூட மிச்சம் இருக்காதா?"

"இருக்காது."

"எடுக்கட்டுமா, வேணாமா? என்னால முடிவு பண்ண முடியல. நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

வேதவல்லி துண்டை மறுபடி எடுத்து, குழந்தைக்குக் குளிருக்குச் சுற்றுவதுபோலக் கேமராவைச் சுற்றினார்.

"எடுங்க. வேட்டைக்காரன் படத்துலருந்து மட்டுந்தான் இத கழிப்பேன். மூடி போட்ட இருபதும் உங்களுது. அதுக்குச் சித்திரையும் கெடையாது, மேகமும் கெடையாது."